பந்துக்குத் தெரிந்த ஒரு சாண்

கியூவின் நுனியில் ஒட்டியிருக்கும் தோல் டிப், வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் ஒரு முறை கண் இமைப்பதற்குள் இப்படி நூறு அடிகள் அடங்கிவிடும். மாதக்கணக்கில் யோசித்து, கடைகடையாக ஏறி இறங்கி, கையில் எடுத்து எடுத்துப் பார்த்து வாங்கிய கியூவுக்குத் தன் வேலையைச் செய்து முடிக்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

அந்த ஒரு மில்லி நொடிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால், புதுக் கியூ வாங்கும்போது எதைக் கூர்ந்து பார்க்க வேண்டும், எதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி நம் மண்டைக்குள் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எடை. ஸ்னூக்கர் கியூக்கள் பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குல நீளமும், 17 முதல் 19 அவுன்ஸ் எடையும் கொண்டவை. கிராமில் சொன்னால் 480-லிருந்து 540 வரை. பந்து 52.5 மில்லிமீட்டர் குறுக்களவும் ஏறத்தாழ 140 கிராம் எடையும் உள்ளது. கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை அவுன்ஸ்?” என்றுதான். கனமான கியூ பந்தை வேகமாக ஓட்டும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிப்பின் மீள்தன்மையை 0.75 என்று வைத்துக்கொள்வோம். 480 கிராம் கியூ எந்த வேகத்தில் வந்து மோதுகிறதோ, அதைப் போல 1.35 மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். 540 கிராம் கியூவை அதே வேகத்தில் கொண்டுவந்தால் 1.39 மடங்கு. அறுபது கிராம் கூட்டியதற்குக் கிடைத்த பலன் மூன்று சதவீதம்கூட இல்லை. ஒரே ஆட்டக்காரர் ஒரே அடியை இரண்டு முறை அடித்தாலே அதைவிடக் கூடுதலான வித்தியாசம் வந்துவிடும்.

ஆக, எடை பந்துக்காக அல்ல, கைக்காக. முழங்கையிலிருந்து தொங்கும் முன்கையோடு சேர்ந்து கியூ ஊசலாடுகிறது. அந்த ஊசலின் தாளம் எடையைப் பொறுத்தும், எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். கியூவைக் குறுக்கே ஒரு விரலில் வைத்துச் சமநிலை பார்த்தால், அது நிற்கும் இடம் பட் எனப்படும் தடித்த பின்முனையிலிருந்து பெரும்பாலும் 16 முதல் 18 அங்குலத்தில் இருக்கும். ஓர் அங்குலம் முன்னே போனால் கியூவைத் தாங்கும் பிரிட்ஜ் கைமேல் பாரம் கூடும், பின்னே வந்தால் நுனி லேசாகத் தெரியும். 18 அவுன்ஸ் கியூ இரண்டை அடுத்தடுத்துத் தூக்கும்போது ஒன்று கனமாகவும் மற்றது லேசாகவும் படுவது இதனால்தான். கடைக்காரர் சொல்லும் அவுன்ஸைவிட இந்தச் சமநிலைப் புள்ளியைக் கேட்பது பயனுள்ளது. கேட்டால் பலருக்குத் தெரியாது. ஒரு டேப்பை எடுத்து நாமே அளந்துகொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த மில்லி நொடிக்குள் நுழையலாம். டிப் பந்தைத் தொட்டவுடன் அழுத்தம் மரத்தின் இழையோடு பின்னோக்கி ஓடுகிறது. இழையின் போக்கில் மரத்துக்குள் ஒலியின் வேகம் நொடிக்கு 4,000 முதல் 5,000 மீட்டர். ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான கியூவின் கடைசிவரை போய் அந்த அழுத்த அலை திரும்பி வர, மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு போதும். டிப் இன்னும் பந்தை விடவில்லை. அதாவது, முன்னோக்கித் தள்ளும் வேலையில் நுனி முதல் பட் வரை முழுக் கியூவும் பங்கெடுக்கிறது. நான் மேலே போட்ட கணக்கில் முழு எடையையும் சேர்த்தது இதனால்தான்.

கை பங்கெடுப்பதில்லை. விரலின் சதை மென்மையானது. ஒரு மில்லி நொடிக்குள் அது நசுங்கத் தொடங்குமே தவிர, தன் எடையைக் கியூவுக்குள் செலுத்த அதற்கு நேரம் இல்லை. கியூவை இறுக்கிப் பிடித்தால் அடி பலமாக விழும் என்பது தவறு. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு விறைத்து, கியூ வரும் பாதைதான் கோணும். பந்து போன பிறகும் கியூவை நீட்டிக்கொண்டே போகச் சொல்கிறார்களே, அந்த ஃபாலோ த்ரூ பந்தைத் தொடுவதே இல்லை. பந்து கியூவைவிட வேகமாகக் கிளம்பிவிடுகிறது. ஃபாலோ த்ரூவின் பயன் வேறு: தொடுவதற்கு முன்பே கை தயங்கி வேகத்தைக் குறைத்துவிடாமல் அது காக்கிறது.

பந்தின் நடுவில் அடித்தால் கதை இத்தோடு முடிந்தது. ஸ்னூக்கரில் நடுவில் மட்டும் அடித்துக் காலம் தள்ள முடியாது. அடுத்த பந்துக்கு வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே, கீழே, பக்கவாட்டில் அடித்துச் சுழற்சி தர வேண்டும். நடுவிலிருந்து ஆரத்தின் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில், அதாவது ஏறத்தாழ 10.5 மில்லிமீட்டர் மேலே அடித்தால், பந்து சறுக்காமல் முதல் கணத்திலிருந்தே உருளத் தொடங்கும். கீழே அடித்தால் பின்சுழற்சி, அதுதான் ஸ்க்ரூ. இவை செங்குத்துத் திசையில் நடப்பவை. இவற்றால் வெள்ளை போகும் கோடு மாறாது. சிக்கல் பக்கவாட்டில், ‘சைடு’ அடிக்கும்போது வருகிறது.

பந்தின் வலப்பக்கம் அடித்தால், டிப் தொட்டிருக்கும் இடம் பந்தோடு சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழற்சி கியூவின் நுனியை வலப்பக்கமாக ஒதுக்குகிறது. நுனிக்கும் எடை உண்டு, அதை ஒதுக்க விசை வேண்டும். எதிர்விசை பந்தின்மேல் விழுகிறது. விளைவு, கியூ காட்டிய கோட்டில் போகாமல் பந்து சற்று இடப்பக்கம் விலகிப் போகிறது. நுனி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு விலகலும் அதிகம்.

நுனி என்றால் எதுவரை? கியூவின் மொத்த இயற்பியலிலும் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் ஒரு முனையைப் பக்கவாட்டில் சுண்டினால், அந்த அசைவு அலையாக நகர்ந்து மறுமுனையை அடையச் சற்று நேரம் பிடிக்கும். அதுவரை மறுமுனைக்கு எதுவும் தெரியாது. கியூவும் அப்படித்தான். நீளவாக்கில் ஓடும் அழுத்த அலை மிக வேகமானது என்று பார்த்தோம். பக்கவாட்டு வளைவு அலை மெதுவானது. பந்து டிப்பை விட்டுப் போவதற்குள் அந்த வளைவு நுனியிலிருந்து 15, 20 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கிட்டத்தட்ட ஒரு சாண். பக்கவாட்டு விலகலைப் பொறுத்தவரை, அந்த ஒரு சாணுக்குப் பின்னால் இருக்கும் எதுவும் பந்துக்குத் தெரியாது. பட்டில் என்ன மரம், எத்தனை அலங்கார அடுக்கு, இணைப்பு எந்த இடத்தில், கைப்பிடிக்குள் எவ்வளவு ஈயம் என எதுவும்.

இது ஊகம் அல்ல. அமெரிக்க பூல் ஆட்டத்துக்கான கியூ செய்பவர்கள் 1990-களில் இயந்திரக் கையால் மீண்டும் மீண்டும் அடித்து அளந்து, நுனியின் எடையைக் குறைத்தால் விலகல் குறைவதைக் கண்டார்கள். கியூவின் மெல்லிய தண்டான ஷாஃப்ட்டின் முன்பகுதியைத் துளைத்து உள்ளீடற்றதாக்கினார்கள், டிப்புக்கு அடியில் இருக்கும் வளையமான ஃபெரூலை லேசாக்கினார்கள். விலகல் குறைந்த ஷாஃப்ட் என்று இன்று கடைகளில் தனி விலையில் விற்பவை அந்த வழியில் வந்தவை. இப்போது கார்பன் இழையிலும் ஷாஃப்ட்டுகள் வருகின்றன.

ஸ்னூக்கர் கியூவின் ஷாஃப்ட் பூல் ஷாஃப்ட்டைவிட மெல்லியது. பூலில் டிப் 12 அல்லது 13 மில்லிமீட்டர், ஸ்னூக்கரில் 9-லிருந்து 10. மெலிந்திருப்பதால் நுனி லேசு. ஆனால் அதன் தலையில் ஒரு பித்தளை ஃபெரூலைச் செருகுகிறோம். பித்தளையின் அடர்த்தி ஆஷ் மரத்தைப் போல 12 மடங்கு. அந்தச் சின்ன வளையம் ஒன்றிரண்டு கிராம்தான் என்றாலும் இருக்கும் இடம் நுனியின் நுனி. மரம் பிளக்காமல் காப்பது அதன் வேலை, அதற்குக் கொடுக்கும் விலை இந்த விலகல். ஃபெரூல் நீளமாகவும் தடிமனாகவும் உள்ள கியூவில் சைடு அடித்தால் பந்து கூடுதலாக விலகும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒரு டிகிரி விலகினால் என்ன ஆகும்? ஸ்னூக்கர் மேசையின் ஆடுபரப்பு 3,569 மில்லிமீட்டர் நீளம். பிரௌன் பந்தின் புள்ளியிலிருந்து எதிர்க் குஷன்வரை ஏறத்தாழ 2.8 மீட்டர். அந்தத் தொலைவில் ஒரு டிகிரி என்பது ஐந்து சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு பந்தின் அகலம். நீளமான பாட் ஒன்றில் ரெட்டைத் தொடாமலே வெள்ளை கடந்துபோக அது போதும். ஆனாலும் சைடு அடித்து நீளமாகப் பாட் செய்கிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விலகலை ஒழித்துவிடவில்லை. தங்கள் கியூ எவ்வளவு விலக்கும் என்பது அவர்கள் உடம்புக்குத் தெரியும், அதற்கேற்ப எய்யும் கோட்டை முன்கூட்டியே மாற்றிவைக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாங்கள் அப்படி மாற்றுவதே தெரியாது.

கடையில் மேசை இருந்தால், வாங்குமுன் விலகலைப் பார்த்துவிடுவது எளிது. பிரௌன், ப்ளூ, பிங்க், பிளாக் புள்ளிகள் நான்கும் மேசையின் நடுக்கோட்டில் அமைந்தவை. வெள்ளையைப் பிரௌன் புள்ளியில் வைத்து, கியூவை அந்தக் கோட்டுக்கு இணையாகவே வலப்பக்கம் நகர்த்தி, சைடு அடித்து, எதிர்க் குஷனில் எங்கே தொடுகிறது என்று பாருங்கள். சற்று வேகமாக அடிக்க வேண்டும். மெதுவாக அடித்தால் வேறொன்று குறுக்கிடும். குஷனுக்கு மேலாக வர வேண்டியிருப்பதால் கியூவின் பின்பகுதி எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அந்தச் சரிவால் பந்து போகப்போக வலப்பக்கம் வளைந்து, விலகலை ஓரளவு ஈடுகட்டிவிடும். ஒரே வேகத்தில் உங்கள் பழைய கியூவாலும் புதிதாலும் அடித்துப் பார்த்தால், இரண்டின் குணமும் குஷனில் தெரியும்.

விலகல் குறைவாக இருப்பதே நல்ல கியூ என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. நுனி மெலிந்தால் விறைப்பும் போகும். உருளை வடிவக் கம்பின் வளைவு விறைப்பு, அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கில் மாறுகிறது. 9 மில்லிமீட்டரிலிருந்து 10-க்குப் போனால் எடை 23 சதவீதம் கூடும், விறைப்போ 52 சதவீதம் கூடிவிடும். மெல்லிய கியூ அடிக்கும்போது அதிர்வது கைக்கே தெரியும். நான் 9.5 மில்லிமீட்டரை நாடுகிறேன். ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருப்பவர் 9-க்குக் கீழே போகவே வேண்டாம் என்பது என் கருத்து: சிறிய டிப், நடுவைத் தவறவிட்ட ஒவ்வோர் அடியிலும் நினையாத சைடைக் கொண்டுவந்துவிடும்.

பந்தின் பக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. ஸ்னூக்கர் 1875-ல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரியின் கைவண்ணத்தில் பிறந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரலாறு. அவர் பின்னர் உதகமண்டலத்துக்கு மாறி வந்தார். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் 1880-களில் ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. அன்று உருண்டவை யானைத் தந்தப் பந்துகள். தந்தம் ஒரு திசையில் இருப்பதுபோல் இன்னொரு திசையில் இருக்காது, ஈரத்துக்கு ஏற்ப ஒரு பக்கம் மட்டும் உப்பும், எடையும் சீராக இராது. பந்தே கோணலாக ஓடும்போது கியூவின் ஒரு டிகிரியை யார் கண்டுபிடிப்பது? இன்றைய ஃபினாலிக் பிசின் பந்தின் குறுக்களவில் அனுமதிக்கும் வேறுபாடு 0.05 மில்லிமீட்டர்தான். பந்து இவ்வளவு நம்பகமானதாக ஆன பிறகே கியூக்களின் நுண்ணிய வேறுபாடுகள் பேசத் தகுந்த பொருளாயின என்று நினைக்கிறேன்.

மரத்துக்கு வருவோம். ஷாஃப்ட் ஆஷ் அல்லது மேப்பிள். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள், அடர்த்தியிலும் நெருங்கியவை. வேறுபாடு உள்ளமைப்பில். ஆஷ் வசந்தத்தில் வளரும்போது பெரிய நீர்க்குழாய்களை வரிசையாக உண்டாக்கும், கோடையில் நெருக்கமான இழையை இடும். அதனால் ஆண்டு வளையங்கள் வெளிப்படையாகத் தெரியும். ஷாஃப்ட்டைக் கூம்பாகச் சீவும்போது இந்த வளையங்கள் குறுக்கே வெட்டுப்பட்டு, அம்புத்தலை போன்ற கூர்வளைவுகளாக மேற்பரப்பில் நிற்கின்றன. மேப்பிளில் குழாய்கள் சிறியவை, சீராகப் பரவியவை. மேற்பரப்பு வழவழப்பாக, கோடுகள் மங்கலாக இருக்கும். எது நன்றாக ஆடும் என்ற சர்ச்சைக்கு முடிவே இல்லை. என் பார்வையில் ஆஷுக்கு ஓர் எளிய மேன்மை உண்டு: இழை நேராகப் போகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கோடுகள் பட்டிலிருந்து நுனிவரை ஓடாமல் பாதியில் பக்கவாட்டில் வழிந்துபோகும் கியூவை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். இழை சாய்ந்த இடத்தில் விறைப்பு குறையும், ஈரக்காற்றில் அந்த இடம்தான் முதலில் வளையும்.

அந்த அம்புத்தலைகள் அழகுக்கு மட்டுமல்ல. மரம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்போடு இருப்பதில்லை. வளையங்கள் கிடக்கும் வாக்கில் ஒரு மாதிரியும், அதற்குக் குறுக்கே சற்று வேறு மாதிரியும் வளையும். அனுபவசாலிகள் ஒவ்வோர் அடிக்கும் கியூவைத் திருப்பி, அம்புத்தலைகள் மேலே தெரியும்படி பிடிப்பார்கள். பட்டின் முனையில் தட்டையாகச் சீவிய முகம் இருந்தால், விரல் அதைத் தடவியே திசையை அறிந்துகொள்ளும். எப்போதும் ஒரே பக்கத்தால் அடித்தால் மரத்தின் கோணல்களும் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், மூளை அவற்றைப் பழகிக்கொள்ளும்.

பட் பெரும்பாலும் எபனி, நம் கருங்காலி இனம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் கருங்காலி ஒரு காலத்தில் உலகச் சந்தையில் தனி மதிப்புடன் விற்றது, வெட்டி வெட்டி அரிதாகிப்போனது. இன்று கியூக்களுக்கு வருவது பெரும்பாலும் ஆப்பிரிக்க எபனி. பின்பாரம் தந்து சமநிலைப் புள்ளியை இழுத்துப் பிடிப்பதே அதன் வேலை. கையால் செய்த கியூவில், கருங்காலித் துண்டுகளை ஆஷின் நாற்புறமும் கூர்முனையாக ஒட்டிச் செதுக்குவார்கள். அது அருமையான கைவேலை, அதைக் கையில் பிடிக்கும் மகிழ்ச்சிக்காக ஒருவர் பணம் கொடுத்தால் நான் தடுக்க மாட்டேன். பந்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

ஆஷைப் பற்றி ஒரு கவலையும் உண்டு. ஐரோப்பாவின் ஆஷ் காடுகளை ஒரு பூஞ்சை நோய் அழித்துவருகிறது. 2012-ல் அது பிரிட்டனில் கண்டறியப்பட்டது. வட அமெரிக்க ஆஷ் மரங்களை, ஆசியாவிலிருந்து போய் 2002-ல் அங்கே கண்டறியப்பட்ட மரகத நிற வண்டு ஒன்று தின்று தீர்க்கிறது. நேரான இழையுள்ள நல்ல ஆஷ் பலகை வருங்காலத்தில் எளிதில் கிடைக்காமல் போகலாம். இன்று ஒரு நல்ல ஆஷ் கியூ வைத்திருப்பவர் அதைச் சுவரில் சாய்த்து வைக்காமல், குளிர்சாதன அறைக்கும் வெயிலில் நிற்கும் காருக்கும் மாறி மாறிக் கொண்டுபோகாமல், பெட்டியில் படுக்கவைத்துப் பேண வேண்டும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் இது இரட்டிப்பு முக்கியம்.

டிப்பை இவ்வளவு நேரம் ஒத்திப்போட்டேன். கியூவின் மொத்த விலையில் நூறில் ஒரு பங்குகூடப் பெறாத இந்தத் தோல் துண்டுதான் சைடு என்ற ஒன்றையே சாத்தியமாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மாங்கோ தோல் டிப்பைப் புகழ்பெறச் செய்யும்வரை மரமுனையாலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். வழுக்கும் முனையால் பந்தின் ஓரத்தைத் தொட முடியாது. தோலும் சாக்கும் சேர்ந்தால் உராய்வுக் கெழு 0.6 அளவுக்கு வருகிறது. வடிவக் கணக்கின்படி அது நடுவிலிருந்து ஆரத்தின் பாதி தூரம்வரை, அதாவது 13 மில்லிமீட்டர்வரை அடிக்க இடம் தரும். அதைத் தாண்டினால் டிப் வழுக்கும். இந்தச் சுழற்சிக் கணக்கையெல்லாம் 1835-லேயே பாரிஸில் ஒரு முழு நூலாக எழுதியவர் கஸ்பார் குஸ்தாவ் கொரியோலிஸ். புயல்கள் சுழலும் திசையை விளக்கும்போது நாம் சொல்லும் பெயர் இவருடையதுதான். சாக் என்று நாம் டிப்பில் தேய்ப்பது சுண்ணாம்பு அல்ல. சிலிக்காவும் அலுமினிய ஆக்சைடும் கலந்த அந்தக் கட்டிக்கு அமெரிக்க பில்லியர்ட்ஸ் வீரர் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வேதியியலாளர் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897-ல் காப்புரிமை பெற்றார்கள்.

புதுக் கியூ வாங்குகிறவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. புதுக் கியூவோடு ஒரு புது டிப்பும் வருகிறது. புது டிப் முதல் சில நாட்கள் அடிவாங்கி அமுங்கும், ஓரங்கள் பிதுங்கும், இறுக இறுகப் பந்தைத் தொடும் நேரம் குறையும். ஆகவே முதல் வாரத்தில் பந்து சரியாகப் போகாவிட்டால், குறை கியூவிலா டிப்பிலா என்று பிரித்தறிய வழியே இருக்காது. சோதனைச்சாலையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பார்கள். அதே விதி இங்கேயும் செல்லும். பழைய கியூவில் நீங்கள் பழகிய அதே வகை டிப்பை, அதே அளவில், புதியதில் ஒட்டச் சொல்லுங்கள்.

இனி மண்டைக்குள் இருக்கும் பாதி. பொருள்களைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை ஒருவருக்கு மாட்டிவிட்டு, இலக்கைத் தொடவோ அதை நோக்கி எறியவோ சொல்லும் வகைப் பரிசோதனைகள் 19-ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்திலிருந்து நடக்கின்றன. எறியச் சொன்னால், முதல் எறி தள்ளி விழும். சில பத்து எறிகளுக்குள் கை திருந்தி, இலக்கில் விழத் தொடங்கும். கண்ணாடியைக் கழற்றியதும் எறி எதிர்ப்பக்கம் தள்ளி விழும். இந்தப் பின்விளைவுதான் முக்கியம். அந்த மனிதர் யோசித்துத் திருத்திக்கொண்டிருந்தால், கழற்றிய உடனே யோசித்து நிறுத்தியிருப்பார். திருத்தியது அவருடைய நினைப்பு அல்ல, சிறுமூளை. அது ஒவ்வொரு பிழையையும் அளந்து, அடுத்த அசைவில் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்ட நோயாளிகள் பலரிடம் இந்தத் திருத்தம் நடப்பதில்லை.

பழைய கியூவோடு பல ஆண்டுகள் ஆடியவர் அதன் விலகலுக்கான திருத்தத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார். புதுக் கியூவை எடுத்த நாள், அவர் கண்ணாடியைக் கழற்றிய மனிதரின் நிலையில் நிற்கிறார். குறைவான விலகல் கொண்ட, சொல்லப்போனால் சிறந்த கியூவாக இருந்தாலும் பந்துகள் தவறும், ஒரே பக்கமாகத் தவறும். விலை உயர்ந்த கியூ வாங்கி ஒரு மாதத்தில் விற்றுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பின்விளைவைத்தான் கியூவின் குறையாக எண்ணிவிடுகிறார்கள்.

இதைவிட ஆழமான மாற்றமும் உண்டு. 1996-ல் அட்சுஷி இரிக்கியும் அவருடைய ஜப்பானிய சகாக்களும், எட்டாத தீனியைச் சிறு வாரிக்கோலால் இழுத்து எடுக்கக் குரங்குகளைப் பழக்கினார்கள். கையையும் அதைச் சுற்றிய இடத்தையும் கவனிக்கும் மூளை நரம்பணுக்கள், பழக்கத்துக்குப் பின் வாரிக்கோலின் நுனிவரை உள்ள இடத்துக்கும் பதில் தரத் தொடங்கின. கருவி உடம்பின் கணக்கில் சேர்ந்துவிட்டது. வெறுமனே கையில் வைத்திருந்தபோது இது நடக்கவில்லை, அதைக் கொண்டு வேலை செய்தபோதுதான் நடந்தது.

ஆட்டத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹெண்ட்ரி 1990 முதல் 1999 வரை ஏழு உலகப் பட்டங்களையும் வென்றது, சிறுவனாக இருந்தபோது கிடைத்த மலிவான ஒரே கியூவால். 2003-ல் விமானப் பயணத்தில் அது முறிந்துபோனது. அவர் வசதிக்கு எந்தக் கியூவையும் வாங்கியிருக்கலாம், எந்தத் தச்சரும் அவருக்காகச் செய்து தந்திருப்பார். வேறு கியூவால் பிறகும் அவர் பட்டம் வென்றார் என்பதை மறக்கக் கூடாது, ஆனால் உலகப் பட்டம் மட்டும் மீண்டும் வரவில்லை. வயது, எதிராளிகள் என்று அதற்குப் பல காரணங்கள் இருந்தன, கியூ ஒன்றையே காரணமாக்குவது நியாயமல்ல. இருந்தாலும் ஏழு பட்டங்களின்போது மலிவான கியூ அவருக்குத் தடையாக இருக்கவில்லை என்பது உறுதி.

புதுக் கியூவைப் பழக்க நான் பரிந்துரைக்கும் முறை பொறுமையானது. முதல் சில நாட்கள் சைடே வேண்டாம். வெள்ளையைப் பிரௌன் புள்ளியில் வைத்து நடுக்கோட்டில் நேராக அடியுங்கள். எதிர்க் குஷனில் பட்டுத் திரும்பும் பந்து அசையாத டிப்பிலேயே வந்து மோத வேண்டும். மோதாவிட்டால் அது உங்கள் கையின் பிழை, கியூவுக்கு அதில் பங்கில்லை. அதைச் சரிசெய்யாமல் சைடுக்குப் போனால் இரண்டு பிழைகளும் கலந்துவிடும். நேர்அடி நிலைத்ததும் ஸ்க்ரூவும், பந்தின் மேல்பகுதியில் அடிக்கும் டாப்பும். அதன் பிறகே சைடு, முதலில் குறைந்த தொலைவில், ஒரே வேகத்தில், ஒரே அளவில். பிழை எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைப் பாருங்கள், ஆனால் எய்யும் கோட்டை யோசித்து மாற்றாதீர்கள். சிறுமூளைக்குத் தேவை தெளிவான பிழைச் செய்தி. இடையில் போட்டி வருகிறதே என்று பழைய கியூவை எடுத்து ஆடுவது, பாதி எழுதிய திருத்தத்தை அழித்து எழுதுவதாகும். முக்கியமான போட்டிக்கு முந்தைய மாதத்தில் கியூவை மாற்றாமல் இருப்பதே நல்லது.

கை பழகிய பிறகு ஒரு நாள், கியூவின் அளவுகளை எழுதிவையுங்கள்: மொத்த எடை, நீளம், சமநிலைப் புள்ளி, டிப்பின் குறுக்களவும் வகையும், ஃபெரூலின் நீளம். அத்தோடு, நுனியிலிருந்து ஐந்து, பத்து, இருபது சென்டிமீட்டரில் ஷாஃப்ட்டின் குறுக்களவு. கடைசி மூன்று எண்களைக் கடைக்காரர் யாரும் கேட்க மாட்டார்கள். கியூ தொலைந்தாலோ முறிந்தாலோ, மாற்றுக் கியூ செய்து தருபவரிடம் முதலில் நீட்ட வேண்டியவை அந்த மூன்றுதான்.